டில்டா முதல் டிகிரி வரை: குறிகளைச் சரியாகப் போடுவது எப்படி?

வாட்ஸாப் குழுவில் உங்கள் போனில் சேமித்து வைக்காத ஒருவர் பேசினால் அவர் பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோடு நிற்கும், இப்படி: ~. அதற்குப் பெயர் டில்டா. அந்த இடத்தில் அது சொல்வது, இந்தப் பெயர் அவரே வைத்துக்கொண்டது, உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பது இல்லை என்பதை. அதே நெளிகோடு பத்தாம் வகுப்பு வடிவியலில் வந்தால் "வடிவொத்தது". புள்ளியியலில் "இந்தப் பரவலைப் பின்பற்றுகிறது". லினக்ஸில் "என் முகப்புக் கோப்புறை". ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எண்ணுக்கு முன்னால் போட்டால் "சுமார்".

தமிழில் பாடக்குறிப்பு, வினாத்தாள், அறிவியல் கட்டுரை என்று தட்டச்சு செய்ய இப்போதுதான் ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை பார்க்க நமக்கு ஆள் உண்டு, குறிப்பிழையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எழுத்துப்பிழை வந்தால் பெரும்பாலும் அர்த்தம் பிழைத்துக்கொள்ளும், குறிப்பிழை வந்தால் எண்ணே மாறிவிடும்.

முதல் படி: பார்க்க ஒன்றுபோல இருப்பவற்றைப் பிரித்துப் பாருங்கள்

கணினி விசைப்பலகையில் எஸ்கேப் விசைக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை ஷிஃப்ட்டோடு அழுத்தினால் வருவதுதான் சாதாரண டில்டா. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுத்த பழைய ஆஸ்கி பட்டியலில் அதன் எண் 126, அச்சாகும் குறிகளில் அதுதான் கடைசி. ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அதன் சாயலில் இன்னும் பல உண்டு. கணிதத்துக்கென்றே ஒன்று (∼, எண் 8764), எழுத்தின் தலைக்கு மேல் மிதக்கும் குட்டி டில்டா (˜, எண் 732), முந்தைய எழுத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும் டில்டா (எண் 771), ஜப்பானியர்கள் "இதிலிருந்து அதுவரை" என்பதற்குப் போடும் அலைக்கோடு (〜). கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு ஐந்தும் ஐந்து வேறு எழுத்து. ஒன்றைத் தேடினால் இன்னொன்று கிடைக்காது.

தலைக்கு மேல் உட்காரும் டில்டாதான் மூத்தது. இடைக்காலத்தில் லத்தீன் ஏடுகளைப் படியெடுத்தவர்கள், இடமும் மையும் மிச்சமாகட்டும் என்று சில எழுத்துகளை விட்டுவிட்டு, விட்டதற்கு அடையாளமாக மேலே ஒரு கோடு இழுத்தார்கள். ஸ்பானிய மொழியில் இரண்டு 'என்' சேர்ந்து வந்த இடத்தில் ஒன்றை எழுதி, மற்றதைத் தலைக்கு மேல் கோடாக்கினார்கள். அதுவே நாளடைவில் தனி எழுத்தாகிவிட்டது. அதன் ஒலி நம் 'ஞ'வுக்கு மிக நெருக்கமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தமிழ்ச் சொற்களின் ரோமன் வடிவத்தைப் பாருங்கள், ஞகரத்துக்கு டில்டா வைத்த 'என்'தான் இருக்கும். 1991-ல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து, அந்த எழுத்து இல்லாத விசைப்பலகைகளையும் ஸ்பெயினில் விற்கலாம் என்ற நெருக்கடி வந்தபோது அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது, 1993-ல் அந்த நாடு சட்டம் போட்டே எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டது. விசைப்பலகையில் இடமில்லாத எழுத்து என்ன கதிக்கு ஆளாகும் என்பது நமக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஸ்பானிய எழுத்தை ஒரே எழுத்தாகவும் தட்டலாம் (எண் 241), வெறும் 'என்' போட்டு மேலே ஒட்டும் டில்டாவையும் சேர்த்து இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தமிழிலும் இதே கதைதான்: 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே துண்டாக உள்ளிடலாம், அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு துண்டாகவும் உள்ளிடலாம். ஒரு சொல் கண்ணெதிரே இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு நீங்களே மறுபடி தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாம் படி: கணிதத்தில் எந்த இடத்துக்கு எது

இங்கேதான் கொஞ்சம் நின்று போக வேண்டும். ~, ≈, ≅, = நான்கையும் கலந்து போடுகிறவர்கள் நிறைய.

= என்றால் இரண்டு பக்கமும் அப்படியே சமம். 1557-ல் இந்தக் குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறு இல்லை என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். ஆகவே 5 + 3 = 8 × 2 = 16 என்று ஓடுகிற ஓட்டத்தில் எழுதாதீர்கள். அது 5 + 3-ம் 16-ம் சமம் என்கிறது. இரண்டு வரியாக எழுதுங்கள்.

≈ என்றால் தோராயமாகச் சமம். π ≈ 3.14, √2 ≈ 1.414. வினாத்தாளில் "π = 22/7 எனக் கொள்க" என்றால் அது கணக்குப் போட வசதியாகச் சொல்லும் கட்டளை, அதில் தப்பில்லை. ஆனால் விளக்கிச் சொல்லும் பாடக்குறிப்பில் π = 22/7 என்று எழுதினால் அது பொய். 22/7 என்பது 3.142857 என்று போகும், π 3.14159 என்று போகும், மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அங்கே ≈ போடுவது ஒரு நிமிட வேலைகூட இல்லை, அதைப் படிக்கிற பிள்ளை π ஒரு பின்னம் என்ற தப்பான நம்பிக்கையோடு வளராமல் இருக்கும்.

≅ சர்வசமம், அதாவது வடிவமும் அளவும் ஒன்று. ~ வடிவொத்தது, வடிவம் ஒன்று, அளவு வேறாக இருக்கலாம். இங்கே எழுத்துகளின் வரிசையும் பொருள் தரும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முக்கோணம் அஆஇ ~ முக்கோணம் கசட என்று எழுதினால், அ என்ற முனைக்கு ஒத்தது க, ஆவுக்கு ஒத்தது ச, இக்கு ஒத்தது ட என்றுதான் அர்த்தம், அதனால் அஆ என்ற பக்கத்தைக் கச என்ற பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வரிசையை மாற்றிக் கசட என்பதைச் சகட என்று எழுதிவிட்டால் குறி சரி, கூற்று தப்பு, அதை வைத்துப் போடுகிற விகிதமெல்லாம் தப்பு.

மேல்வகுப்புக்குப் போனால் ~ வேறு வேலை பார்க்கிறது. இரண்டு கோவைகளுக்கு நடுவில் அது நின்றால், மாறி பெரிதாகப் பெரிதாக இரண்டின் விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்று பொருள். இதற்கு நம் கும்பகோணத்துக்காரரின் வேலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதுதான் கேள்வி. 4-ஐ எடுத்துக்கொண்டால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதம். 10-க்கு 42 விதம். 100-க்கு 19,05,69,292 விதம். 1918-ல் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு சூத்திரம் வருகிறது, அதற்கு நடுவில் நிற்பது ~.

ஏன் ≈ இல்லை? எண்களைப் பாருங்கள். 10-க்கு அந்தச் சூத்திரம் தருவது 48-க்குச் சற்று மேல். உண்மை விடை 42, வித்தியாசம் ஆறு. 100-க்குச் சூத்திரம் தருவது சுமார் 19.93 கோடி, வித்தியாசம் ஏறத்தாழ 87 லட்சம்! வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் சூத்திரம் மோசமாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். விகிதத்தைப் பாருங்கள்: 10-க்கு 1.15 பக்கம், 100-க்கு 1.046, 1000-க்கு 1.014. மெல்ல மெல்ல 1-ஐ நோக்கி இறங்குகிறது. ~ வாக்குக் கொடுப்பது இந்த விகிதத்துக்குத்தான், வித்தியாசத்துக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு தமிழ்க் கட்டுரையாளர் "இரண்டும் ஒன்றுதானே" என்று ≈ போட்டுவிட்டால், ராமானுஜன் சொன்னது ஒன்று, வாசகர் புரிந்துகொள்வது இன்னொன்று ஆகிவிடும். (அதே ஆய்வில் பிழை மிகமிகக் குறைவாக வரும் இன்னும் நுட்பமான சூத்திரமும் உண்டு, அது தனியாக உட்கார்ந்து ரசிக்க வேண்டிய ஒன்று.)

மற்றவை சுருக்கமாக. புள்ளியியலில் "மதிப்பெண் ~ இயல்நிலைப் பரவல்" என்றால் மதிப்பெண்கள் அந்தப் பரவலைப் பின்பற்றுகின்றன. தருக்கவியலில் சில நூல்கள் மறுப்புக்கு ~ போடும், சில ¬ போடும், ஒரே கட்டுரையில் இரண்டும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

உரைநடையில் "~50 பேர் வந்தார்கள்" என்று எழுதலாமா? எழுதாதீர்கள் என்பதுதான் என் கருத்து. சுமார், ஏறக்குறைய, கிட்டத்தட்ட என்று வாய்விட்டுப் படிக்கக்கூடிய சொற்கள் இருக்கும்போது குறி எதற்கு? அட்டவணையில் இடம் போதாத கட்டத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள், கீழே ஒரு வரியில் பொருளைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: தட்டுவது

போனில் எண்கள் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து குறிகளின் அடுத்த பக்கத்துக்குப் போனால் ~ இருக்கும். ஆண்ட்ராய்டில் கூகுள் விசைப்பலகை வைத்திருந்தால் √, π, ÷, × நான்கும் அதே வரிசையில் கிடைக்கும். = விசையை அழுத்திப் பிடித்தால் ≠, ≈ இரண்டும் எட்டிப் பார்க்கும், ஐபோனிலும் அப்படியே. ஐபோனில் 0-ஐ அழுத்திப் பிடித்தால் ° வரும். ஒருமுறை உட்கார்ந்து ஒவ்வொரு குறி விசையையும் அழுத்திப் பிடித்துப் பார்த்துவிடுங்கள், நீங்கள் வெளியே தேடிக்கொண்டிருந்த பாதிக் குறிகள் அங்கேயே ஒளிந்திருக்கும்.

விண்டோஸில், வலப்பக்கம் எண் தட்டு உள்ள விசைப்பலகை என்றால், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்ட வேண்டும்: × வேண்டுமா 0215, ÷ வேண்டுமா 0247, ° என்றால் 0176, ± என்றால் 0177, ² என்றால் 0178, ³ என்றால் 0179, ~ என்றால் 126. முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கும். மடிக்கணினியில் எண் தட்டு இல்லாவிட்டால் விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்துங்கள், இமோஜிப் பலகை திறக்கும், அதிலேயே குறிகளுக்கு ஒரு பகுதி உண்டு.

வேர்டில் இன்னொரு வழி. 2248 என்று தட்டி உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் அந்த எண் ≈ ஆக மாறிவிடும். 2260 என்றால் ≠, 2264 என்றால் ≤, 2265 என்றால் ≥, 2212 என்றால் உண்மையான கழித்தல் குறி. ஒன்றைக் கவனியுங்கள், முன்னால் வேறு எண் ஒட்டிக்கொண்டிருந்தால் வேர்டு அதையும் சேர்த்துப் படித்துக் குழம்பும், அதனால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டிவிட்டு அப்புறம் இடைவெளியை எடுத்துவிடுங்கள். மேக்கில் ஆப்ஷனோடு எக்ஸ் அழுத்தினால் ≈, ஆப்ஷனோடு = அழுத்தினால் ≠. கூகுள் டாக்ஸில் சிறப்பு எழுத்துகளைச் செருகும் பெட்டியில் குறியை மவுஸால் வரைந்தாலே அது கண்டுபிடித்துக் காட்டும், பெயர் தெரியாத குறிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ரூபாய்க் குறி ₹-க்கு, விண்டோஸில் ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றும் சேர்ந்து போதும். தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வடிவமைத்து, 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட குறி அது. அதற்கெல்லாம் முன்பிருந்தே தமிழுக்கென்று ௹ உண்டு, கூடவே நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. பழைய பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவர்கள் இவற்றைப் படமாக ஒட்டத் தேவையே இல்லை, யூனிகோடின் தமிழ்ப் பகுதியிலேயே இருக்கின்றன.

நான்காம் படி: எண்ணைக் கெடுக்கும் பழக்கங்களை விடுங்கள்

மிக மோசமானது, டிகிரிக்குப் பதிலாகப் பூஜ்யத்தை மேலே தூக்கிப் போடுவது. வேர்டில் 37-க்குப் பக்கத்தில் 0 அடித்து அதை மேலொட்டாக்கினால் திரையில் அழகாக 37 டிகிரி போலத் தெரியும். அதை அப்படியே எடுத்து வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டிப் பாருங்கள், மேலொட்டு என்ற அலங்காரம் கழன்று விழுந்து 370 என்று நிற்கும். உடல் வெப்பநிலை 370 செல்சியஸ்! அடுக்குகளுக்கும் இதே ஆபத்து. மேலொட்டாக்கிப் போட்ட 10-ன் அடுக்கு 5, ஒட்டும்போது 105 ஆகிவிடும், ஒரு லட்சம் நூற்றைந்தாகச் சுருங்கிவிடும். மருந்தளவோ மின்னழுத்தமோ இப்படிப் பயணம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே °, ², ³ என்று தனி எழுத்தாகவே இருக்கும் குறிகளைப் போடுங்கள். அவை எங்கே ஒட்டினாலும் அப்படியே போகும். அடுக்கு பெரிதாக இருந்தால், வெறும் உரையில் 10^5 என்று எழுதுவது பார்வைக்கு அழகில்லைதான், ஆனால் அது ஒருநாளும் 105 ஆகாது.

அடுத்தது பெருக்கலுக்கு ஆங்கில எழுத்து எக்ஸைப் போடுவது. வில்லியம் ஆட்ரெட் 1631-ல் × குறியைப் பயன்படுத்தி நூல் வெளியிட்டார், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லைப்னிட்ஸ் அது எக்ஸோடு குழம்புகிறது என்று சொல்லிப் புள்ளிக்கு மாறிக்கொண்டார். இயற்கணிதம் வராத பாடத்தில் × சரி, வருகிற பாடத்தில் புள்ளியோ அடைப்புக்குறியோ போடுங்கள், எக்ஸ் மட்டும் வேண்டாம்.

கழித்தலுக்குச் சிறுகோடு போடுவது அன்றாட எழுத்தில் பரவாயில்லை. ஆனால் வரி முடியும் இடத்தில் -5 வந்தால் சில மென்பொருள்கள் சிறுகோட்டை மேல்வரியில் விட்டுவிட்டு 5-ஐக் கீழ்வரிக்குத் தள்ளிவிடும், படிக்கிறவர் நேர்மறை 5 என்று எடுத்துக்கொள்வார். அச்சுக்குப் போகிற கணிதத்தில் உண்மையான − போடுங்கள். இதிலிருந்து அதுவரை என்று சொல்லும் இடத்தில் குறை எண் வந்தால், உதாரணமாக −5-லிருந்து 10 வரை என்றால், நடுவில் கோடு போடாமல் "முதல்", "வரை" என்று எழுதிவிடுவதே நல்லது.

ஐந்தாம் படி: படிப்பது மனிதரா, கணினியா?

மேலே சொன்னதெல்லாம் மனிதர் படிப்பதற்கு. நிரலிலும் விரிதாளிலும் பாதி விதிகள் தலைகீழாகும். அங்கே சாதாரணச் சிறுகோடுதான் கழித்தல், அச்சு நூலிலிருந்து − குறியை நகலெடுத்து பைத்தான் நிரலில் ஒட்டினால் அது பிழை என்று நின்றுவிடும்.

டில்டாவும் அங்கே வேறு ஆள். எக்செலில் * என்று தேடினால் காலியில்லாத எல்லாக் கட்டமும் வரும், ஏனென்றால் * அங்கே "எதுவானாலும்". நிஜமான நட்சத்திரக் குறியைத் தேட ~* என்றும், கேள்விக்குறியைத் தேட ~? என்றும், டில்டாவையே தேட ~~ என்றும் தட்ட வேண்டும். பைத்தானில் ~5-ன் விடை −6, சுமார் 5 இல்லை, ஏனென்றால் அங்கே ~ எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்குகிறது. கணித நூல்களை அச்சுக்குத் தயார் செய்யும் லாட்டெக்கில் ~ தட்டினால் குறியே அச்சாகாது, வரி உடையாத ஓர் இடைவெளிதான் வரும். வாட்ஸாப்பில் ஒரு சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டி ~ போட்டால் அந்தச் சொல் குறுக்கே அடிக்கப்பட்டுத் தெரியும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் முகப்புக் கோப்புறைக்கு ~ வந்ததற்குக் காரணம், 1970-களில் புழங்கிய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் டில்டாவும் ஹோம் என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்ததுதான்.

ஆறாம் படி: பழைய எழுத்துருவைக் கவனியுங்கள்

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின், குறிகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருக்கிறார்கள். பாமினியில் டில்டாவின் இடத்தில் இருப்பது 'ஷ'. நீங்கள் வடிவொத்த முக்கோணங்கள் என்று கணக்கு எழுதி ~ போட்டு அனுப்ப, டி.டி.பி. கடையில் அந்தப் பத்தி முழுவதையும் பாமினிக்கு மாற்றினால், இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே 'ஷ' வந்து உட்கார்ந்திருக்கும். மறுபக்கம், பாமினியில் தட்டிய பழைய கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு இல்லாமல் போனால் 'விஷயம்' என்ற சொல்லின் நடுவில் ~ தெரியும்.

இதற்கு வழி, குறிகள் உள்ள ஆவணத்தை யூனிகோடிலேயே தட்டுவது, அச்சுக்குக் கொடுக்கும்போது எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆகக் கொடுப்பது. கடையில் பழைய எழுத்துருவில்தான் செய்வோம் என்றால், கணித வரிகளுக்கு மட்டும் வேறு எழுத்துரு வைக்கச் சொல்லுங்கள், மெய்ப்பு வரும்போது சொற்களைப் பார்ப்பதற்கு முன் குறிகள் வந்த வரிகளைப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் இன்னொன்று. முழு ஆவணத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அலங்காரமெல்லாம் கழன்று வெறும் எழுத்து மட்டும் நிற்கும். 37 டிகிரி 370 ஆகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும், கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ மாறிய குறியும் தெரிந்துவிடும். அப்புறம் அதே வரிகளை உங்கள் எண்ணுக்கே வாட்ஸாப்பில் அனுப்பி, போனிலும் ஒரு பார்வை பாருங்கள்.